உச்சி வெயிலுக்கு முன்னால் ஒரு சொம்பு கூழ்

கோடையில் காட்டு வேலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. காலை 6 மணிக்கு இறங்கினால், வெயில் உச்சிக்கு ஏறும் முன் முக்கால்வாசி வேலையை முடித்துவிட வேண்டும். ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டியதாகச் செய்தி வரும் நாள்களில் அந்தக் கணக்கு தவறினால் உடம்பு தாங்காது. ஆனால், அந்தக் கணக்கில் பலரும் சேர்க்க மறந்துபோன வரி ஒன்று உண்டு. காட்டில் இறங்கும்போது வயிற்றில் என்ன இருக்கிறது?

இன்றைக்குப் பெரும்பாலான காடுகளில் இதற்குப் பதில் ஒன்றுதான். விடியற்காலை ஒரு டீ. 10 மணிக்கு இன்னொரு டீ, கூடவே ஒரு பன் அல்லது வடை. மதியச் சாப்பாடு 1 மணிக்கு மேல். நடுவில் 6 மணி நேரம் வேர்வை ஓடிக்கொண்டே இருக்கும். வேர்வையோடு உப்பும் போகிறது. தாகத்துக்கு வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால், போன உப்பு திரும்பி வராது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, தலை கிறுகிறுப்பது எல்லாம் அதன் பிறகுதான் ஆரம்பிக்கும்.

தாராபுரம் பக்கம், கிணற்றுப் பாசனத்தில் 4 ஏக்கர் வெள்ளாமை செய்யும் ஒரு குடும்பத்தில், மூன்று வருடங்களுக்கு முன் சித்திரை மாதம் இதுதான் நடந்தது. தைப்பட்டத்துச் சின்ன வெங்காயம் பிடுங்கிக் கொண்டிருந்தார்கள். 11 மணிவாக்கில், தாள் அறுத்துக் கொண்டிருந்த ஒரு பெண் அப்படியே சாய்ந்துவிட்டார். வேப்பமர நிழலுக்குத் தூக்கிப்போய், ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிட்டு, நினைவு தெளிந்து தானாகவே டம்ளரைப் பிடிக்க முடிந்த பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன சாப்புட்டு வந்தே?" என்று கேட்டார் அந்த வீட்டுப் பெரியவர். 70 வயதைத் தாண்டிய மாமியார் அவர்.

"டீத்தண்ணி மட்டுந்தானுங்க."

அன்று ராத்திரி அந்த வீட்டு மருமகள்தான் பேச்சை எடுத்தார். "அத்தை, நாளையில இருந்து கம்மங்கூழ் கரைச்சு எடுத்துட்டுப் போலாங்களா?"

யாரும் எதிர்பார்க்காத பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "வேண்டா கண்ணு. அந்தக் கம்பைக் குத்திக் குத்தித்தான் எங்க தலைமுறைக்கே தோள்பட்டை தேஞ்சு போச்சு. அரிசி வந்தப்பறந்தான் பொம்பளைங்க ராத்திரியில கண்ணு மூடுனோம்."

எளிய சாப்பாடு, யாருக்கு எளிது?

கூழைப் பற்றிப் பேசும் பலரும் தாண்டிப் போகிற இடம் இது. 'அந்தக் காலத்தில் கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டு உரமாக இருந்தார்கள்' என்று சொல்வது சுலபம். அந்தக் கம்பை உரலில் போட்டு, தண்ணீர் தெளித்து, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்துத் தவிடு நீக்கி, திரும்பவும் நொய்யாகக் குத்தி எடுத்த கைகள் யாருடையவை என்று கேட்க வேண்டும். பகலெல்லாம் களை வெட்டிவிட்டு வந்த பெண்கள்தான், பொழுது சாய்ந்த பிறகு உரலடியில் நின்றார்கள். குடிப்பவருக்குக் கூழ் எளிய சாப்பாடு. செய்பவருக்கு அப்படி இல்லை.

அதனால்தான், அரிசி கைக்கு எட்டியதும் கூழ்ப்பானை அடுப்படியை விட்டு இறங்கியது. 2011 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. குக்கரில் வைத்தால் மூன்று விசிலில் சோறு. எந்தப் பெண் திரும்ப உலக்கையைத் தொடுவார்? ருசி மறந்துபோனதால் கூழ் போகவில்லை. வேலை பாரத்தால் போனது.

இப்போது அந்தப் பாரத்தை எந்திரம் சுமக்கிறது என்பதுதான் மருமகளின் வாதம். "குத்த வேண்டாங்க அத்தை. மிஷின்ல குடுத்தா உமி நீக்கி, நொய்யா உடைச்சே குடுத்தர்றாங்க. கொஞ்சமா வேணும்னா மிக்ஸியே போதுங்க." மாமியார் அரை மனதாகத் தலையாட்டினார். மறுநாளே 5 கிலோ கம்பு வாங்கி வந்தார்கள். சொந்தக் காட்டில் கம்பு போட்டு 15 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

கூழ் கரைக்கும் முறை

மில் பக்கத்தில் இல்லாதவர்கள் மிக்ஸியிலேயே செய்யலாம். கம்பைக் கல், மண் போகக் களைந்து, தண்ணீரை வடித்து, துணியில் கால் மணி நேரம் பரப்பி வைக்க வேண்டும். மேல்தோல் ஈரமாகவும் உள்ளே கெட்டியாகவும் இருக்கும் பக்குவத்தில் மிக்ஸியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று சுற்றினால் தோல் கழன்றுவிடும். முறத்தில் புடைத்துவிட்டு, மறுபடியும் ஓட்டி ரவை போல உடைத்துக்கொள்ளலாம்.

ஒரு டம்ளர் நொய்க்கு 5 டம்ளர் தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் நொய்யை அரை மணி நேரம் ஊறவிட்டு, மீதி 4 டம்ளரைக் கொதிக்க வைக்க வேண்டும். கொதி வந்ததும் ஊறிய நொய்யைக் கொட்டி, அடி பிடிக்காமல் கிளறிவிட்டு, தீயைக் குறைத்து 20 முதல் 25 நிமிடம் வேகவிட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்க்கும்போது ஒட்டாமல் இருந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆறிய பிறகு மண் சட்டிக்கு மாற்றி, மேலே தண்ணீர் நிற்கும் அளவுக்கு ஊற்றி, துணியால் வேடு கட்டி வைத்துவிட்டால் ராத்திரியே புளிக்கத் தொடங்கும். காலையில் கையால் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்து, சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டால் கூழ் தயார். ராத்திரி அடுப்பில் அரை மணி நேரம், காலையில் 10 நிமிடம். அவ்வளவுதான் வேலை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்த மாவும் உடைத்த நொய்யும் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். கம்பை முழுத் தானியமாகவே வைத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைப்பது நல்லது. கடையில் வாங்கிய கம்பு மாவு கசக்கிறதென்று கூழையே வெறுத்தவர்கள் பலர். கசந்தது கம்பு இல்லை, பழைய மாவு.

தொட்டுக்கொள்ளத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. விலை போகாத பொடி வெங்காயம், ஒரு கீற்று மாங்காய், போன மாசி வெயிலில் போட்டு வைத்த மோர் மிளகாய் ஆகியவை போதும். குண்டு மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறும்வரை செய்தால் வருடம் முழுக்க வரும். கோடை வெயில் எடுப்பதை மட்டுமே செய்வதில்லை. கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி என்று எதைக் காயவைத்தாலும் மழைக்காலத்துக்குச் சேமித்தும் கொடுக்கிறது.

டீ கொடுக்கும் மரியாதை

முதல் நாள் கூழ்ப்பானை காட்டுக்குப் போனபோது நடந்தது, அந்த மருமகள் நினைத்தே பார்க்காதது. வேலைக்கு வந்திருந்த 8 பேரில் 2 பேர்தான் குடித்தார்கள். முந்தின நாள் சாய்ந்து விழுந்த பெண்ணே வேண்டாம் என்று விட்டார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் சொன்னார்.

"எங்கம்மா காலத்துல வாசல்ல நிக்க வெச்சு, தூக்கித்தானுங்க ஊத்துவாங்க. அதைக் குடிச்சு வளந்தவதான் நானும். இப்போ டீக்கடையில காசு குடுத்து எல்லாத்தோடயும் உக்காந்து குடிக்கறோம். அதுல ஒரு மருவாதி இருக்குதுங்க."

மருமகளுக்கு உடனே பதில் வரவில்லை. கூழ் காணாமல் போனதற்கு உலக்கை மட்டும் காரணமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு சாப்பாட்டோடு, அதை யார் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்ற நினைவும் சேர்ந்தே வரும். அந்த நினைவு கசந்தால் தேனும் இறங்காது.

அடுத்த நாள் பானை வேப்பமரத்தடியில் இறங்கியது. பக்கத்தில் வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள், ஒரு கரண்டி. யாரும் யாருக்கும் ஊற்றவில்லை. வேண்டியவர்கள் தாங்களே மொண்டுகொண்டார்கள். வீட்டுக்காரர், மருமகள், மாமியார் மூவரும் அதே டம்ளர்களில், அதே நிழலில் உட்கார்ந்து குடித்தார்கள். 10 மணி டீயும் நிற்கவில்லை. கூழைக் காட்டி டீயை நிறுத்தினால், அது சிக்கனமாகத்தான் தெரியும், அக்கறையாகத் தெரியாது. அந்த வாரக் கடைசியில் பானை 9 மணிக்கே காலியாகிவிட்டது.

பொழுது சாய்ந்த பிறகு

காட்டிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு அடுத்த வேலை அடுப்படியில் காத்திருக்கிறது. கோடையில் அடுப்படி இன்னொரு வெயில். குழம்பு, ரசம், பொரியல் என்று மூன்று முறை தீமூட்டாமல், வயிறும் மனசும் நிறைகிற சாப்பாடு கொங்கு வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் ஆக்கும் அரிசிப் பருப்புச் சாதம்தான் அது.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கை நிறையச் சின்ன வெங்காயம், நான்கைந்து பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள் தூளும் கொஞ்சம் சாம்பார் தூளும் சேர்த்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதித்ததும் அரிசி, பருப்பு, உப்பு போட்டுக் குக்கரை மூடினால் மூன்று விசில். சூட்டோடு ஒரு கரண்டி நெய் விட்டால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

இதற்குக் கூட்டாளி, அடுப்பே இல்லாமல் செய்யும் பச்சைப்புளி ரசம். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துக்கொண்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, உப்பு ஆகியவற்றைக் கையால் நன்றாகப் பிசைந்து அதில் சேர்க்க வேண்டும். சுட்ட வரமிளகாய் ஒன்றையும் நொறுக்கிப் போட்டால் மணம் கூடும். துளி வெல்லம் விருப்பம்போல. கொதிக்க வைக்கக் கூடாது. அந்த மாமியார் கோடையில் உடம்புக்கு முடியாத நாள்களில்கூட இதை மட்டும் தானே பிசைவார். "இதுல எனக்கு ஒரு நோவும் இல்ல" என்பார்.

மூன்று காடு, ஒரு குருவிக் கூட்டம்

முதல் வருடம் கம்பை விலைக்கு வாங்கித்தான் கூழ் கரைத்தார்கள். ஒரு கிலோ கம்பில் 20 டம்ளருக்குக் குறையாமல் கூழ் வரும். கோடையில் 60 நாள் காட்டு வேலை என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ கம்பு தேவை. கம்பு 100 கிலோவுக்கு 2024-25ல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,625 ரூபாய். அதே கம்பைச் சில்லறையில் வாங்கப் போனால் விலை வேறு. விற்கும்போது ஒரு விலை, வாங்கும்போது ஒரு விலை என்பது விவசாயிக்குப் புதிதில்லை. வீட்டுக்கு வேண்டியதை வீட்டுக் காட்டிலேயே எடுத்தால் இரண்டு விலையும் பொருட்டில்லை.

அதனால், இரண்டாம் வருடம் ஆடிப்பட்டத்தில் 10 சென்ட் மானாவாரியில் கம்பு விதைத்தார்கள். ஏக்கருக்கு 2 கிலோ விதை என்பது கணக்கு. 10 சென்ட்டுக்கு 200 கிராம் போதும். 90 நாள் பயிர். மழை ஓரளவு கைகொடுத்தால் 50, 60 கிலோ எதிர்பார்க்கலாம். பயிர் நன்றாகவே வந்தது. ஆனால், பால் பிடிக்கும் நேரத்தில் ஊர்க் குருவிகளும் கிளிகளும் மொத்தமாக அங்கே இறங்கிவிட்டன. வீட்டுக்கு வந்தது 18 கிலோ.

ஊரே கம்பு போட்ட காலத்தில், குருவி தின்றது போக எல்லார் வீட்டுக்கும் மிஞ்சியது. ஊரில் ஒருவர் மட்டும் போட்டால், ஊர்க்குருவி முழுவதற்கும் அவர் காடுதான் பந்தி. பலர் கம்பைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். கூழ் வீட்டுக்குள் முடிகிற விஷயம் இல்லை, பக்கத்துக் காட்டுக்காரரும் சேர்ந்தால்தான் நிலைக்கும் என்பதை அந்த 18 கிலோ சொல்லிக்கொடுத்தது.

போன ஆடியில் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்துகொண்டார்கள். மூவரும் வரப்பை ஒட்டி, ஒரே வாரத்தில், ஆளுக்கு 10 சென்ட் விதைத்தார்கள். கதிர் மீசை நீளமாக உள்ள நாட்டு ரகத்தைத் தேடிப் பிடித்தார்கள். மீசை குத்துவதால், அந்தக் கதிர்களில் குருவிக்குக் கொஞ்சம் சிரமம். காவலுக்கு ஆள் மாற்றி ஆள் நின்றார்கள். மூன்று வீட்டுக்கும் தலா 40 கிலோவுக்கு மேல் கிடைத்தது. நன்றாகக் காயவைத்து, வேப்பிலை போட்டு, முழுத் தானியமாக மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள்.

விதை எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. கம்பில் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுத்தால் அடுத்த வருடம் பயிர் சீராக வராது. நாட்டு ரகமாக இருந்தால், காட்டின் நடுவில் உள்ள நல்ல கதிர்களைப் பார்த்து எடுத்து வைக்கலாம்.

வழக்கமாக எழும் கேள்விகள்

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூழ் குடிக்கலாமா? குடிக்கலாம், ஆனால் அளவு முக்கியம். கம்பும் தானியம்தான். சோறு சாப்பிட்டு, அதற்கு மேல் இரண்டு சொம்பு கூழும் குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஒரு வேளை உணவுக்குப் பதிலாக ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்வது நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மோர் மிளகாய், ஊறுகாயைக் குறைக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்னை, தைராய்டு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கூழ் எத்தனை நாள் தாங்கும்? கோடையில் ஒரு ராத்திரிதான். மறுநாள் சாயங்காலத்துக்கு மேல் வைக்க வேண்டாம். நூல் விட்டாலோ, புளிப்பைத் தாண்டிக் கெட்ட வாடை வந்தாலோ மாட்டுக்கும் வைக்காமல் குப்பைக் குழியில் கொட்டிவிட வேண்டும்.

கம்பு கிடைக்காத ஊரில் என்ன செய்வது? கேழ்வரகு இருக்கிறது. மாவை முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்கவைத்து, வெந்த நொய்யரிசியோடு சேர்த்துக் கிளறினால் கூழ். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கும் வயதான பெண்களுக்கும் நல்லது. அதுவும் இல்லையா? ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் மோரும் சேர்த்த பழைய சோறே போதும்.

வெயிலில் ஒருவர் சாய்ந்துவிட்டால் கூழ் ஊற்றலாமா? கூடாது. நினைவு தப்பியவர், உளறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நிழலுக்கு மாற்றி, உடம்பை ஈரத்துணியால் குளிரவைத்து, உடனே 108க்குப் பேச வேண்டும். கூழ் மருந்து இல்லை. அந்த நிலைக்குப் போகாமல் உடம்பைக் காக்கும் சாப்பாடு, அவ்வளவுதான்.

அந்த மூன்று காடுகளிலும் வரும் ஆடிக்கான விதை தனியாகக் கட்டித் தொங்குகிறது. நான்காவதாக ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் காடு சற்றுத் தள்ளி இருக்கிறது. இருந்தாலும் 200 கிராம் எடுத்து வைத்திருக்கிறார்கள். குருவிக்கும் ஒரு பங்கு போகட்டும் என்கிறார் மாமியார், உலக்கை இல்லாத வீட்டில் கூழ் குடித்துக்கொண்டே.